எம்டனில் வராத செண்பகராமன்

1914-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 22-ந் தேதி. இரவு மணி 9-க்கு மேல் ஆகி இருந்தது.

ஐரோப்பாவில் யுத்தம் மூண்டு இரண்டு மாதம் கூட ஆகவில்லை. அது எங்கோ வெள்ளைக்காரர் தேசத்தில் நடக்கிற சண்டை. சென்னைத் துறைமுகத்திலும், அதை அடுத்த ராயபுரத்திலும் ஜனங்கள் வழக்கம் போல வேலையை முடித்துவிட்டுப் படுக்கப் போனார்கள்.

திடீர் என்று கடலில் இருந்து பளிச் என்று வெளிச்சம் பாய்ந்தது. அதைத் தொடர்ந்து இடி இடித்தது போல் சத்தம்.

அது இடி அல்ல. பீரங்கி!

ஜெர்மன் போர்க்கப்பலான 'எம்டன்' இருட்டோடு இருட்டாகக் கரைக்கு அருகே வந்து நின்றது. நூற்றுக்கும் அதிகமான குண்டுகளை அது வீசியது. துறைமுகத்தை ஒட்டி இருந்த பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் தீப்பிடித்து எரிந்தன. துறைமுகத்தில் நின்ற ஒரு வியாபாரக் கப்பலிலும் குண்டு விழுந்தது. மாலுமிகள் சிலர் மாண்டார்கள்.

மறுநாள் சென்னையே கதி கலங்கியது. ரெயிலிலும் மாட்டு வண்டியிலும் ஆயிரக்கணக்கானவர்கள் ஊரை விட்டு ஓடினார்கள்.

கப்பல் வந்த வேகத்தில் மறைந்து விட்டது. ஆனால் அதன் பெயர் மறையவில்லை. யாருக்கும் பிடிபடாத சாமர்த்தியசாலியை 'அவன் பெரிய எம்டன்' என்று சொல்லும் வழக்கம் தமிழில் வந்துவிட்டது.

அந்தக் கப்பலோடு சேர்த்து இன்னொரு பெயரும் தமிழ்நாட்டில் பரவியது. அதுதான் செண்பகராமன் பிள்ளை.

கப்பலில் இருந்து குண்டு போட்டவர்களோடு ஒரு தமிழரும் இருந்தார், அவர்தான் செண்பகராமன் என்று ஊர் ஊராகப் பேசிக்கொண்டார்கள். இன்றும் பலர் அப்படியே நம்புகிறார்கள்.

உண்மையில் எம்டனில் அவர் வரவில்லை. அந்தக் கப்பல் சீனக் கரையில் இருந்து புறப்பட்டது. அந்த நேரத்தில் அவர் ஐரோப்பாவில் சுவிட்சர்லாந்து நாட்டில் சூரிச் நகரில் இருந்தார்.

அவருடைய உண்மைக் கதை கட்டுக்கதையைவிடப் பெரியது. அதில் வீரமும் உண்டு. படித்தவர்கள் எல்லோரும் யோசிக்க வேண்டிய ஒரு பாடமும் உண்டு.

வெள்ளைக்காரர் அழைத்துப் போன பையன்

செண்பகராமன் 1891-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி திருவனந்தபுரத்தில் பிறந்தார். தமிழ்க் குடும்பம். தந்தை சின்னசாமி பிள்ளை. தாய் நாகம்மாள்.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அவருக்கு நாட்டுப்பற்று வந்துவிட்டது. வங்காளத்தை இரண்டாகப் பிரித்த வெள்ளைக்கார சர்க்காரை எதிர்த்து நாடு முழுவதும் கொந்தளித்த காலம் அது. தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் விட்டார். அவரை 1908-ல் ஜெயிலில் தள்ளினார்கள்.

அதே 1908-ல் செண்பகராமன் கப்பல் ஏறினார். அவரை அழைத்துப் போனவர் ஒரு வெள்ளைக்காரர்!

அவர் பெயர் சர் வால்டர் ஸ்டிரிக்லாண்டு. உயிரியல் ஆராய்ச்சி செய்கிறவர். பிரபு குடும்பத்தில் பிறந்த ஆங்கிலேயர். ஆனால் தன் நாட்டார் மற்ற நாடுகளை அடக்கி ஆள்வது அவருக்குப் பிடிக்காது. அவரோடு செண்பகராமனும், உறவுப் பையன் பத்மநாப பிள்ளையும் புறப்பட்டார்கள். பத்மநாப பிள்ளை கொழும்பிலேயே இறங்கி வீட்டுக்குத் திரும்பிவிட்டார். செண்பகராமன் திரும்பவில்லை.

அப்போது அவருக்கு வயது சுமார் 17. பெற்றோர் முகத்தை விட்டு, பாஷை தெரியாத தேசத்துக்குப் போனார். ஆஸ்திரியாவில் அவரைப் பள்ளியில் சேர்த்தார் ஸ்டிரிக்லாண்டு. பிறகு சூரிச் நகருக்குப் போய், அங்கே உள்ள புகழ்பெற்ற தொழில்நுட்பக் கல்லூரியில் 1910 முதல் 1914 வரை இஞ்சினீயரிங் படித்தார்.

சாதாரணக் கல்லூரி அல்ல அது. உலக மேதை ஐன்ஸ்டீன் படித்த இடம். 1912-ல் இருந்து 1914 வரை அவர் அங்கே பேராசிரியராகவும் இருந்தார்.

எதிரிக்கு எதிரி நண்பன்

1914-ல் யுத்தம் வந்தது. ஒரு பக்கம் பிரிட்டன். எதிர்ப்பக்கம் ஜெர்மனி.

இதுதான் சமயம் என்று செண்பகராமன் முடிவு செய்தார். பிரிட்டனுக்கு நெருக்கடி வந்தால் இந்தியாவின் விலங்கு உடையும் என்பது அவர் கணக்கு. சூரிச்சில் இந்திய ஆதரவுக் குழு ஒன்றை ஏற்படுத்தி, அதன் தலைவர் ஆனார். எம்டன் சென்னையைத் தாக்கிய அதே செப்டம்பரில் அவர் செய்துகொண்டிருந்த வேலை இதுதான்.

அடுத்த மாதமே அவர் ஜெர்மனியின் தலைநகரான பெர்லினுக்குப் போனார். அங்கே இந்தியப் புரட்சிக்காரர்கள் கூடி இருந்தார்கள். கவிக்குயில் சரோஜினி நாயுடுவின் தம்பி வீரேந்திரநாத் சட்டோபாத்யாயா அவர்களில் முக்கியமானவர். விவேகானந்தரின் தம்பி பூபேந்திரநாத் தத்தரும் பின்னர் வந்து சேர்ந்தார். எல்லோரும் படித்தவர்கள். பல பாஷை தெரிந்தவர்கள்.

ஜெர்மன் சர்க்கார் அவர்களுக்குப் பணம் கொடுத்தது. பிரிட்டிஷ் பட்டாளத்தில் சேர்ந்து, ஜெர்மானியரிடம் கைதியான இந்தியச் சிப்பாய்கள் ஒரு முகாமில் இருந்தார்கள். அவர்களைப் புரட்சிக்காரர்கள் சந்தித்து விடுதலைப் பிரசாரம் செய்தார்கள். அமெரிக்காவில் இருந்து இந்தியாவுக்குத் துப்பாக்கிகள் அனுப்பவும் ஏற்பாடு நடந்தது. அந்தத் துப்பாக்கிகள் இந்தியக் கரைக்கு வந்து சேரவே இல்லை.

ஜெர்மன் சர்க்கார் ஏன் உதவியது? இந்தியர்மீது அன்பு அல்ல. பிரிட்டனைப் பலவீனமாக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஜெர்மனியும் பிறர் நாட்டைப் பிடித்து ஆண்ட தேசம்தான். ஆப்பிரிக்காவின் தென்மேற்கில் அதற்கு ஒரு காலனி இருந்தது. இன்று அந்த நாட்டின் பெயர் நமீபியா. அங்கே 1904-ல் ஹெரேரோ என்ற மக்கள் எதிர்த்துக் கிளம்பினார்கள். அவர்களைப் பாலைவனத்துக்கு விரட்டி, தண்ணீர் இல்லாமல் சாகடித்தது ஜெர்மன் பட்டாளம். பல்லாயிரம் பேர் மாண்டார்கள்.

செண்பகராமன் சூரிச்சில் மாணவராக இருந்தபோது நடந்து முடிந்திருந்த சங்கதி இது. தன் எதிரியை எதிர்க்கிறவன் கறுப்பு மனிதனை எப்படி நடத்துகிறான் என்று அந்தச் சமயத்தில் யாரும் நின்று பார்க்கவில்லை.

தோற்ற நாட்டில் தனி மனிதர்

1918-ல் ஜெர்மனி தோற்றது. சக்கரவர்த்தி கெய்சர் முடியைத் துறந்து ஹாலந்துக்கு ஓடினார். பணம் கொடுத்த சர்க்காரே போய்விட்டது. பெர்லினில் இருந்த இந்தியர்கள் ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிரிந்தார்கள்.

வீரேந்திரநாத் இடதுசாரிகளோடு சேர்ந்தார். பிறகு ரஷியாவுக்குப் போனார்.

செண்பகராமன் பெர்லினிலேயே இருந்தார். ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். ஆனால் அரசியலை விடவில்லை. பிரிட்டனை யார் அதிகமாக வெறுக்கிறார்களோ அவர்களைத் தேடினார்.

அப்போது ஜெர்மனியில் தேசிய மக்கள் கட்சி என்று ஒரு வலதுசாரிக் கட்சி இருந்தது. பழைய பிரபுக்களும், பட்டாள அதிகாரிகளும், பெரிய முதலாளிகளும் அதில் இருந்தார்கள். பேராசிரியர்களும் பலர் இருந்தார்கள். மக்களாட்சி அவர்களுக்குப் பிடிக்காது. மறுபடியும் ராஜா வேண்டும் என்றார்கள். யூதர்களைப் பழித்தார்கள். வென்ற நாடுகள் 1919-ல் ஜெர்மனிமீது சுமத்திய ஒப்பந்தத்தை அவர்கள் அடியோடு வெறுத்தார்கள். அந்தச் சுமையைச் சுமத்தியவர்களில் பிரிட்டனும் ஒன்று.

செண்பகராமன் இந்த வட்டாரத்தில் போய்ச் சேர்ந்தார். வெள்ளைக்காரர் கூட்டத்தில் ஒரே ஒரு தமிழர்!

அவர் அங்கே தேடியது இந்தியாவுக்கு ஒரு துணை. அவர்கள் பேசிய தேசப்பற்று அவர் காதுக்குத் தன் தேசப்பற்று போலவே கேட்டிருக்க வேண்டும். ஆனால் இரண்டும் ஒன்று அல்ல. செண்பகராமனின் தேசப்பற்று, அடிமைப்பட்ட மனிதன் எழுந்து நிற்க வேண்டும் என்பது. அவர்களுடைய தேசப்பற்று, தாங்கள் மற்றவர்கள் தலைமீது நிற்க வேண்டும் என்பது.

புத்தகத்தில் எழுதி வைத்த வெறுப்பு

அந்த வலதுசாரிகளைவிடத் தீவிரமான இன்னொரு கூட்டம் தெற்கு ஜெர்மனியில் வளர்ந்துகொண்டிருந்தது. அதன் தலைவர் இட்லர்.

இட்லர் தன் எண்ணத்தை மறைத்து வைக்கவில்லை. 1926-ல் வெளிவந்த தன் புத்தகத்தின் இரண்டாம் பாகத்தில் இந்தியாவைப் பற்றியும் எழுதினார். 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சில இந்தியர்கள் ஜெர்மன் தேசியவாதிகளைத் தேடி வந்ததை அதில் குறிப்பிட்டு, அவர்களைக் கேலி செய்தார். இந்தியா வேறு யார் கையிலும் இருப்பதைவிட இங்கிலாந்தின் கையில் இருப்பதையே தான் விரும்புவதாகவும் கூறினார்.

அதாவது, செண்பகராமன் எந்த ஆசையோடு அந்த வாசலைத் தட்டினாரோ, அந்த ஆசையை இட்லர் அச்சில் ஏற்றியே அவமதித்து விட்டார்.

இந்தியர்களில் சிலருக்கு வேறு ஒரு நப்பாசை இருந்தது. நாஜிகள் எப்போதும் ஆரியர், ஆரியர் என்று பேசினார்கள். அது சமஸ்கிருதத்தில் உள்ள சொல். ஆகவே நம்மைச் சொந்தக்காரராக மதிப்பார்கள் என்று நினைத்தார்கள்.

பாஷைகளை ஆராய்ந்த அறிஞர்கள் அந்தச் சொல்லை ஒரு மொழிக் குடும்பத்துக்குப் பெயராக வைத்தார்கள். அது பாஷையின் பெயர், ரத்தத்தின் பெயர் அல்ல என்று சமஸ்கிருத அறிஞர் மாக்ஸ் முல்லரே 1888-ல் எச்சரித்தார். நாஜிகள் அதைக் காதில் வாங்கவில்லை. தெருவில் ஒரு இந்தியரைப் பார்த்தால் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது பாஷை அல்ல. தோலின் நிறம்தான்.

1931-ல் இட்லர் இந்தியரை இழிவுபடுத்திப் பேசினார். செண்பகராமன் பொறுக்கவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று கண்டனம் தெரிவித்தார்.

இட்லர் அப்போது இன்னும் பதவிக்கு வரவில்லை. ஆனால் தெருவெல்லாம் அவருடைய குண்டர் படை. அந்த மனிதரை எதிர்த்து, பெர்லினிலேயே இருந்துகொண்டு, ஒரு அன்னிய நாட்டார் மன்னிப்புக் கேட்கச் சொல்வது லேசான காரியம் அல்ல. அந்தத் துணிச்சல் செண்பகராமனுக்கு இருந்தது.

அதே ஆண்டில்தான் அவருக்குக் கல்யாணமும் நடந்தது. மணிப்பூரைச் சேர்ந்த லட்சுமிபாயை அவர் மணந்தார். அந்த அம்மையாரை அவர் சந்தித்ததும் பெர்லினில்தான்.

கதவைத் திறந்தவர்கள்

அதே 1931-ம் ஆண்டு அக்டோபரில் தேசிய மக்கள் கட்சி நாஜிகளோடு கைகோத்து மேடை ஏறியது. கட்சித் தலைவர் ஊகன்பர்க் பெரிய பத்திரிகை முதலாளி. இட்லரைத் தங்கள் இஷ்டப்படி ஆட்டி வைக்கலாம் என்பது அவர் போன்றவர்களின் எண்ணம்.

1933-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி இட்லர் பிரதமர் ஆனார். ஊகன்பர்க்கும் மந்திரி ஆனார். செண்பகராமன் பழகிய வட்டாரமே அவருடைய பகைவனுக்குக் கதவைத் திறந்து விட்டது.

ஊகன்பர்க்கின் மந்திரி பதவி ஐந்தே மாதம்தான். ஜூன் மாதத்தில் அவர் விலகினார். கட்சியும் கலைக்கப்பட்டது. புலிமேல் சவாரி செய்ய நினைத்தவரைப் புலியே விழுங்கியது.

பிப்ரவரி 27-ந் தேதி ஜெர்மன் பார்லிமெண்டு கட்டிடம் தீப்பிடித்து எரிந்தது. உடனே நாடெங்கும் கைது நடந்தது. பெர்லினில் இருந்த இந்தியப் பத்திரிகையாளர் ஏ.சி.என்.நம்பியாரையும் பிடித்துப் போனார்கள். அடித்தார்கள். பிறகு நாட்டை விட்டே வெளியேற்றினார்கள்.

பேராசிரியர்கள் எங்கே போனார்கள்?

படிக்காத முரடர்கள் செய்த வேலை இது என்று சொல்லித் தப்ப முடியாது. உலகத்திலேயே சிறந்த பல்கலைக்கழகங்கள் அன்று ஜெர்மனியில்தான் இருந்தன. அங்கே இருந்த அறிஞர்கள் என்ன செய்தார்கள்?

1933 ஏப்ரலில் ஒரு சட்டம் வந்தது. யூதர் என்ற ஒரே காரணத்துக்காகப் பேராசிரியர்கள் வேலையில் இருந்து நீக்கப்பட்டார்கள். பக்கத்து அறையில் இருந்த மற்றப் பேராசிரியர்கள் பெரும்பாலும் வாய் திறக்கவில்லை. காலியான நாற்காலியில் சிலர் உட்கார்ந்தார்கள்.

பெரிய தத்துவ அறிஞர் என்று உலகம் போற்றிய ஐடகர், அந்த ஆண்டு பிரைபர்க் பல்கலைக்கழகத்தின் தலைவர் ஆனார். மே மாதத்தில் நாஜிக் கட்சியில் சேர்ந்தார்.

மே 10-ந் தேதி இரவு பெர்லின் பல்கலைக்கழகத்துக்கு எதிரே உள்ள சதுக்கத்தில் பெரிய தீ மூட்டினார்கள். மாணவர்கள் ஊர்வலமாக வந்து சுமார் 20 ஆயிரம் புத்தகங்களைத் தீயில் போட்டார்கள். பாய்ம்லர் என்ற தத்துவப் பேராசிரியர் அன்று வகுப்பு எடுத்துவிட்டு, மாணவர்களோடு அந்த ஊர்வலத்தில் நடந்தார்.

பிலிப் லெனார்டு 1905-லும், யொகன்னஸ் ஸ்டார்க் 1919-லும் பௌதிகத்துக்கு நோபல் பரிசு பெற்றவர்கள். இந்த இருவரும் இட்லரின் பக்தர்கள். விஞ்ஞானத்திலேயே யூத விஞ்ஞானம், ஜெர்மன் விஞ்ஞானம் என்று பிரித்தார்கள். ஐன்ஸ்டீனின் கொள்கையை அவருடைய பிறப்பைக் காட்டித் தூற்றினார்கள். ஐன்ஸ்டீன் அமெரிக்காவில் குடியேறினார்.

இன்னொருவர் ஆய்கன் பிஷர். 1908-ல் செண்பகராமன் கப்பல் ஏறிய அதே ஆண்டில், அவரும் கப்பல் ஏறினார். அவர் போனது ஜெர்மனியின் ஆப்பிரிக்கக் காலனிக்கு. வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் பிறந்தவர்களின் தலையையும் மூக்கையும் அளந்தார். இனங்கள் கலக்கக் கூடாது என்று 1913-ல் புத்தகம் எழுதினார். 1933-ல் அவர் பெர்லின் பல்கலைக்கழகத்தின் தலைவர் ஆனார். ஆப்பிரிக்காவில் அளந்த அளவுகோல் பெர்லினுக்கே வந்து சேர்ந்தது. 1937-ல் கறுப்புச் சிப்பாய்களுக்கும் ஜெர்மன் பெண்களுக்கும் பிறந்த குழந்தைகளுக்குக் கட்டாயமாகக் கருத்தடை செய்தபோது, யார் யாருக்குச் செய்வது என்று சொல்ல அவருடைய கூடத்து நிபுணர்கள் உதவினார்கள்.

இவர்கள் அறிவு இல்லாதவர்கள் அல்ல. அறிவை ஒரு வெறுப்புக்கு வேலைக்காரனாக வைத்தவர்கள். சிலருக்குப் பதவி ஆசை. சிலருக்குத் தோற்ற நாட்டின் அவமானம். தங்கள் கொள்கைக்கு ஒரு படை கிடைத்துவிட்டது என்று சிலருக்குப் பூரிப்பு. எல்லோரும் வந்து சேர்ந்த இடம் ஒன்றுதான்.

அந்தப் படுகுழிக்கு அருகே செண்பகராமனும் நடந்தார். ஆனால் தன் நாட்டாரை இழிவாகப் பேசியதும் அவர் நின்றார். திரும்பிப் பேசினார். அந்தப் பேராசிரியர்கள் செய்யாததை அவர் செய்தார்.

இரண்டு நண்பர்களின் முடிவு

அதற்கு அவர் விலை கொடுத்தார். நாஜிகளின் பகைக்கு ஆளானார். உடைமைகளை இழந்தார். உடல் நலம் கெட்டது. இத்தாலிக்குப் போய்ச் சிகிச்சை பெற்றார். குணமாகவில்லை.

1934-ம் ஆண்டு மே மாதம் பெர்லினில் அவர் காலமானார். வயது 42. தாய் முகத்தையும், பிறந்த மண்ணையும் விட்டுப் போய் 26 ஆண்டுகள் ஆகி இருந்தன.

இடது பக்கம் போன வீரேந்திரநாத்தின் முடிவும் நல்லது அல்ல. ரஷியாவில் லெனின்கிராடு நகரில் அவர் மனித இனங்களைப் பற்றி ஆராயும் அறிஞராக வேலை பார்த்தார். ஸ்டாலின் ஆட்சியில் 1937-ல் கைதாகிச் சுட்டுக் கொல்லப்பட்டார்.

பெர்லினில் ஒரே மேஜையில் உட்கார்ந்து இந்தியாவின் விடுதலைக்குத் திட்டம் போட்ட இரண்டு பேர். ஒருவரை வலது பக்கத்துக் கொடுமை வாட்டியது. மற்றவரை இடது பக்கத்துக் கொடுமை விழுங்கியது. பிறர் கொடுக்கும் வாளை நம்பி விடுதலை தேடினால், அந்த வாளின் பிடி எப்போதும் பிறர் கையில்தான் இருக்கும்.

1942-ல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் இட்லரை நேரில் சந்தித்தார். புத்தகத்தில் இந்தியாவைப் பற்றி எழுதியதைத் திருத்த வேண்டும் என்று எடுத்துச் சொன்னார். இட்லர் பிடி கொடுக்கவில்லை. செண்பகராமன் கேட்டு 11 ஆண்டுகள் கழிந்தும் பதில் மாறவில்லை.

ஊருக்கு வந்த கப்பல்

தன் அஸ்தியைச் சொந்த மண்ணில் சேர்க்க வேண்டும் என்பது செண்பகராமனின் ஆசை. லட்சுமிபாய் அதை மறக்கவில்லை. கணவரின் அஸ்தியோடு இந்தியா திரும்பினார். பம்பாயில் வாழ்ந்தார். நாடு விடுதலை பெற்ற பிறகும் நெடுங்காலம் அந்த அஸ்தியைக் காப்பாற்றி வைத்திருந்தார்.

1966-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் அந்த ஆசை நிறைவேறியது. இந்தியக் கடற்படையின் 'டெல்லி' என்ற போர்க்கப்பல் அஸ்தியைச் சுமந்துகொண்டு கொச்சித் துறைமுகத்துக்கு வந்தது. கன்னியாகுமரிக் கடலில் அஸ்தி கரைக்கப்பட்டது. அவர் இறந்து 32 ஆண்டுகள் ஆகி இருந்தன.

அந்த 'டெல்லி' கப்பலுக்கும் ஒரு கதை உண்டு. பிரிட்டனில் கட்டிய கப்பல் அது. 1939-ல் வேறு பெயரில், ஜெர்மன் போர்க்கப்பல் ஒன்றை எதிர்த்துச் சண்டை போட்ட கப்பல். பிறகு இந்தியா அதை வாங்கி, தன் கொடியை ஏற்றியது.

இன்று சென்னையில் கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் செண்பகராமனுக்குச் சிலை இருக்கிறது. எம்டன் குண்டு விழுந்ததைச் சொல்லும் கல்வெட்டு ஐகோர்ட்டுச் சுவரில் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டு ஜனங்கள் கதை சொன்னார்கள்.

ஜெர்மன் கப்பலில் அவர் வந்தார் என்பது கட்டுக்கதை. கடைசியில் அவர் வந்தது இந்தியக் கொடி பறந்த கப்பலில்.